வெளியிலிருந்து ஒரு கோச்

புனே வந்த முதல் வாரத்தில், என் அப்பா வயதிருக்கும் ஓர் ஆட்டோக்காரர் என்னை "அண்ணா" என்று கூப்பிட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. கோவையில் அந்த வயதுக்காரர் என்னைத் "தம்பி" என்றிருப்பார். அடுத்து பால்காரர், அப்புறம் கசார்வாடிப் பட்டறையின் மேஸ்திரி, வடாபாவ் வண்டிக்காரர் என்று எல்லோருக்கும் நான் அண்ணாவானேன். மரியாதை தெரிந்த ஊர் என்று வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். பிறகுதான் புரிந்தது, அது உறவுமுறையே இல்லை. தெற்கேயிருந்து வந்த ஆண் எவனாக இருந்தாலும் இங்கே அவனுக்கு அதுதான் பெயர். எங்கிருந்து வந்தோம், தெலுங்கா தமிழா, பெயர் என்ன என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அண்ணா என்றால் போதும். அதில் பகை கிடையாது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் நாம் எங்கே நிற்கிறோம் என்பதும் சேர்ந்தே இருக்கிறது. ஊரை விட்டு வந்து வேறெங்காவது பிழைக்கும் உங்களுக்கும் இப்படி ஏதோ ஒரு பெயர் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஆலை மூடியபோது நான் இங்கே வந்தேன். கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில் கடைசல் வேலை. பக்கத்து இயந்திரத்தில் ஷிந்தே. மராத்திக்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், கால்பந்துப் பைத்தியம். கோவையில் எங்கள் ஆலை மைதானத்தில் மாலைதோறும் வாலிபால்தான். கால்பந்தை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஷிந்தேதான் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து என்னைக் கட்கி மைதானத்துக்குக் கூட்டிப்போனார். "வா, உன் ஆட்களைக் காட்டுகிறேன்" என்று சிரித்தார். உண்மையாகவே என் ஆட்கள் இருந்தார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன்கள் பாதி, மராத்திப் பையன்கள் பாதி என்று ஓர் அணி. கல்லும் புழுதியுமான அந்த மைதானத்தில் பந்தைத் தரையோடு தட்டித் தட்டி அவர்கள் போவதைப் பார்த்தபோது, புனே வந்த நாளாக மார்பில் கிடந்த ஏதோ ஒன்று இளகியது.

அங்கேதான் தேவராஜைப் பார்த்தேன். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் அந்த அணியின் ஃபார்வர்ட் அவர். அவருடைய அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். தேவராஜ் பிறந்ததே கட்கியில், வேலையும் அதே தொழிற்சாலையில். முழங்கால் போனபிறகு ஆட்டத்தை விட்டார், மைதானத்தை விடவில்லை. சுவரோரம் இருந்த டீக்கடை பெஞ்சில் அவருக்கென்று ஓர் இடம். ஷிந்தே முதல் நாள் அவர் எதிரே கைகட்டி நின்றதை நான் கவனித்தேன். "மும்பைக்காரங்களுக்கு எதிரா இவர் போட்ட கோல் இருக்கே, நாங்க எல்லாரும் சேர்ந்து இவரைத் தோள்ல தூக்கிட்டு ரயில்வே கேட் வரைக்கும் போனோம்" என்றார். தேவாபாவு, அதாவது தேவா அண்ணன், என்று மராத்தியிலேயே கூப்பிடுவார்கள். அவருக்கு மட்டும் வேறு பெயர் இருந்தது. அதைப் பார்த்து, இந்த ஊரில் ஒரு தலைமுறை தாண்டிவிட்டால் நமக்கும் ஒரு பெயர் கிடைத்துவிடும் என்று நம்பினேன்.

அணி இரண்டு வருடம் தொடர்ந்து தோற்றது. கமிட்டி கோலாப்பூரிலிருந்து ஒரு கோச்சைக் கூட்டிவந்தது. கோலாப்பூர் கால்பந்துக்குப் பேர்போன ஊர். எல்லோருக்கும் சந்தோஷம். தேவராஜ் மட்டும் இரண்டு நாள் பயிற்சியைப் பார்த்துவிட்டு டீக்கடையில் வாயைத் திறந்தார்.

"அந்தாளு நல்ல பிளேயர்தான்பா, நான் இல்லன்னு சொல்லல" என்றார் என்னிடம். "ஆனா பசங்கள தூக்கித் தூக்கி அடிக்கச் சொல்றான். நம்ம பசங்க இன்னா ஒசரம்? இந்த கிரவுண்டுல பந்து கல்லுல பட்டா எங்க போவும்னு கடவுளுக்கே தெரியாது. மழ வந்தா அந்த நாலா ஓடப் பக்கம் சேறு. இங்கியே ஆடினவன் ஒருத்தன வெச்சிருக்கலாம்ல?"

"அந்த ஒருத்தர் நீங்கதானுங்களா?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

பெஞ்சின் மறுமுனையில் ஒரு மராத்திப் பத்திரிகை நிருபர் டீ குடித்துக்கொண்டிருந்தார். தேவராஜ் அதையே அவரிடம் மராத்தியிலும் சொன்னார். அந்த மராத்தி அவருக்குத் தமிழைவிடச் சரளம். வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றார். வெளியே என்றால் அணிக்கு வெளியே, அந்த மைதானத்துக்கு வெளியே. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன். இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. பழைய நட்சத்திரம் கேட்கிறார், 'பாஹேர்ச்சா மாணூஸ் கஷாலா?' வெளியாள் எதற்கு?

திங்கட்கிழமை காலை பட்டறையில் ஷிந்தே அந்தப் பத்திரிகையை என் இயந்திரத்தின் மேல் போட்டார். "கோலாப்பூர் வெளியூரா? மகாராஷ்டிரத்தில் இருக்கிற கோலாப்பூர் வெளியூர் என்றால், இவர் எந்த ஊர்?" என்று இந்தியில் கேட்டார். கோபத்தைவிட அவர் குரலில் அடிபட்டதுபோல் ஏதோ இருந்தது. தேவராஜைத் தூக்கிச் சுமந்த தோள் அல்லவா. நான் மைதானத்தைப் பற்றி, கல்லைப் பற்றி, உயரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த வாரம் முழுக்க என்னோடு டீ குடிக்க வரவில்லை.

அடுத்த ஞாயிறு, ஆட்டம் தொடங்குமுன்பே டீக்கடையில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. ஒரு கூட்டம், தேவா சொன்னதில் விஷயம் இருக்கிறது, கோச்சுக்கு மைதானம் தெரியவில்லை என்றது. அதில் மராத்திக்காரர்களும் இருந்தார்கள். இன்னொரு கூட்டம், வேலை தனக்குக் கிடைக்காத வயிற்றெரிச்சல் என்றது. அதில் தமிழர்களும் இருந்தார்கள். அதுவரை அது கால்பந்து ரசிகர்களின் சண்டைதான், நானும் ரசித்துக் கேட்டேன். பின்னாலிருந்து ஒருவன், "நீங்கள் எல்லாம் வந்தேறிகள், எங்கள் ஆளை வெளியாள் என்கிறீர்களா?" என்று கத்தினான். அந்த நொடியில் கூட்டம் வேறு மாதிரிப் பிரிந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போனார்கள்.

தேவராஜ் வெளிறிப்போய் நின்றார். என்னால் தாங்க முடியவில்லை. முன்னால் போய்ச் சொன்னேன்: "தேவா இதர்கா ஆத்மி. பாஹர்கா தோ ஹம்." தேவா இந்த ஊர்க்காரர், வெளியாள் என்றால் அது நான்தான். அதைத்தான் சொல்ல நினைத்தேன். எங்கள் பட்டறையின் பீகார்க்காரர்கள் தங்களைச் சொல்லும்போது 'ஹம்' என்பார்கள், அவர்களிடமிருந்துதான் நான் இந்தி கற்றேன். ஆனால் அங்கே நின்றவர்களுக்கு ஹம் என்றால் 'நாங்கள்.' வெளியாட்கள் நாங்கள்தான். கூட்டத்தில் பெரிய சிரிப்பு. "பார், அவங்க ஆளே ஒத்துக்கிட்டான்!" விளக்கப் போனேன். சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. ஷிந்தே சிரிக்கவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும் வழியில் தேவராஜ் என் தோளில் கைபோட்டார். "வுடுப்பா. உன் இந்தி அப்டி. நான் நல்ல மராத்தி பேசித்தான் மாட்டிக்கினேன்."

அந்தக் கோச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில நாட்களில் அவரே தேவராஜின் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கூச்சத்தோடு உட்கார்ந்தார். பேப்பரில் வந்தது சரிதான் என்றார், தனக்கு அந்த மைதானம் பிடிபடவில்லை, பையன்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. புனேக்காரர்கள் தன் பேச்சைக் கேட்டு, கோலாப்பூர்ப் பேச்சு என்று கேலி செய்கிறார்களாம். "பயிற்சிக்கு நீங்களும் வாருங்கள், இருவரும் சேர்ந்து பார்ப்போம்" என்றார். தேவராஜின் மனைவி உப்புமா கொடுத்தார். இரண்டு பேரும் தரையில் டம்ளர்களை ஆட்டக்காரர்களாக வைத்து நகர்த்தி நகர்த்திப் பேசினார்கள். தேவராஜின் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கமிட்டி மறுத்துவிட்டது. அவரை மைதானத்துக்குள் விட்டால் கலாட்டா வரும் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் இரண்டு பேர் தமிழர்கள். அவர்களே வீட்டுக்கு வந்து, "தேவா, கொஞ்ச நாள் அந்தப் பக்கம் வராத. நம்ம பசங்களுக்கும் டீம்ல எடம் போயிடும். ஏன் வம்பு?" என்றார்கள். அவர்கள் பயம் பொய்யில்லை. எல்லோருக்கும் அந்த ஊரில்தான் பிள்ளைகள் படிக்க வேண்டும், கல்யாணம் ஆக வேண்டும். தேவராஜ் எழுந்துபோய் உள்ளறையில் படுத்துக்கொண்டார்.

மழை வந்தது. நாலா ஓடைப் பக்கம் சேறானது. தூக்கி அடித்த பந்துகளைத் தலையால் தொட எங்கள் பையன்களால் முடியவில்லை. அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. தேவராஜ் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. ஆனால் அவர் சொன்னது சரி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவர் வாய் வைத்ததால்தான் விளங்கவில்லை என்றார்கள். கோச் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கோலாப்பூர் போனார். ஷிந்தே என்னோடு மறுபடி டீ குடிக்க ஆரம்பித்தார், ஆனால் நாங்கள் கால்பந்து பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் துணி துவைத்தேன்.

தேவராஜ் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு குடியாத்தம் போய்விட்டார். அப்பா விட்டுப்போன ஊர், அவருக்கு விடுமுறைக்குக்கூடச் சரியாகப் பழக்கமில்லாத ஊர். "அங்க போனா நீ எந்த ஊருன்னு யாரும் கேக்க மாட்டாங்கல்ல" என்றார் ரயிலேறும்போது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் கழித்து, ஊருக்குப் போகும் வழியில் காட்பாடியில் இறங்கி அவரைப் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார். மகனுக்குத் தமிழ் எழுத வரவில்லை, பள்ளியில் கஷ்டப்பட்டு இப்போது பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான் என்றார். மாலையில், பள்ளி மைதானத்தில் மேட்ச் இருக்கிறது என்று அழைத்துப்போனார். உள்ளூர் அணியும் வாணியம்பாடி அணியும். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளூர்ப் பையன் ஒருவன் பந்தோடு தனியாக வலப்பக்கம் ஓடியதும் தன்னை மறந்து எழுந்துவிட்டார். "பாஸ் தே! அரே, பாஸ் தே ரே! திக்கடே பக்!" தொண்டை கிழிய மராத்தியில் கத்தினார். அந்தப் பக்கம் பார் என்கிறார் என்பது எனக்கு மட்டும் புரிந்தது. பையன் திரும்பவில்லை, பந்தைப் பறிகொடுத்தான். சுற்றியிருந்தவர்கள்தான் திரும்பிப் பார்த்தார்கள். எங்கோ ஒருவர், "யாருய்யா அந்த சேட்டு?" என்றார்.

என் பக்கத்தில் இருந்த பெரியவர் குனிந்து, மரியாதையாக, மெல்லக் கேட்டார்: "உங்க கூட வந்தவருக்குத் தமிழ் தெரியுங்களா?"

"தெரியுங்க" என்றேன்.

தேவராஜ் காதில் விழுந்துவிட்டது. மெதுவாக உட்கார்ந்தார். முழங்கால்களுக்கு நடுவில் கைகளைக் கோத்துக்கொண்டார். அதன்பிறகு உள்ளூர் அணி ஒரு கோல் போட்டது, மைதானமே எழுந்து கத்தியது. அவர் உதடுகள் அசைந்தன. எந்த மொழியில் என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் வரவில்லை.