மேல் மாடிப் பெட்டியும் கீழ் மாடிப் பெட்டியும்

"மாமா, எழும்புங்க." என் மருமகன் என்னை நேரே பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நோன்புப் பெருநாளுக்குச் சில நாட்களே இருந்தன, கடை நிறையச் சனம்.

நான் நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சைக்கிளில் துணிமூட்டை கட்டிப் பாலமுனை, சவளக்கடை ஊர்களில் வீடு வீடாக விற்றவன். இன்று கல்முனையில் மூன்று மாடிப் புடைவைக்கடை என்னுடையது. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? அந்தக் கடையின் காசு மேசைக்கு ஒரே ஒரு கதிரை. அதில் என்னைத் தவிர ஒருவரும் உட்கார்ந்ததில்லை.

மகளைக் கட்டியவர் கத்தாரில் நெட்வேர்க் வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்வீட்டுக்கே குடிவந்தார். அவர் திரும்பிப் போகாமல் இங்கேயே நின்று கடையைப் பார்க்கட்டும் என்பது என் எண்ணம். மகளுடைய ஆசையும் அதுவே. ஆனால் மனிதர் என் முன்னால் உட்காரமாட்டார், நேரே கதைக்கவும் மாட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், மகள் உம்மாவிடம் சொல்வாள், என் மனைவி எனக்குச் சொல்வாள். மரியாதைதான், இல்லை என்று சொல்லவில்லை. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்து பார்த்தால் தெரியும் எரிச்சல்.

பில் போடும் கம்பியூட்டர்களை இணைக்க, கம்பிகள் வந்து செருகும் தட்டையான இரும்புப் பெட்டிகள் இரண்டை அவர் பொருத்தினார். சுவிட்ச் என்பார்கள். ஒன்று மேல் மாடியில், மற்றது என் கதிரைக்குப் பின்னால் சுவரில். இரண்டுக்கும் நடுவில் சுவருக்குள் ஓடிய பழைய கம்பி வேகம் தாங்காமல் அடிக்கடி அறுந்தது போல் நின்றது. அதனால் மேல் பெட்டியில் அந்தக் கம்பி செருகிய வாயின் வேகத்தைக் குறைத்து, ஒரே நேரத்தில் தகவலை அனுப்பவும் வாங்கவும் வேண்டும் என்று நிரந்தரமாகக் கட்டளை கொடுத்துவைத்தார். அதே கட்டளையைக் கீழ்ப் பெட்டிக்கும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கீழ்ப் பெட்டி தானாக ஒன்றை ஊகித்து, ஒரு நேரத்தில் அனுப்பும் அல்லது வாங்கும், இரண்டையும் சேர்த்துச் செய்யாது. இரண்டு பக்கத் தகவலும் மோதும், திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிவரும். இதெல்லாம் பிறகு நான் அறிந்தது.

கீழ்ப் பெட்டிக்குக் கட்டளை கொடுக்க லெப்டொப்பை அதில் கொழுவி, என் கதிரையில்தான் இருக்க வேண்டும். நானோ அந்த நாட்களில் லுஹரைக்கூடக் கடைக்குள் தொழுதுவிட்டு உடனே வந்து இருப்பவன். மனிதர் மேல் மாடியில் பாதி வேலையை முடித்துவிட்டு, நான் எழும்பும் வரை காத்திருந்தார்.

பில் ஆமை வேகத்தில் வந்தது. பாலமுனைப் பெண் ஒருத்தி பிள்ளைச் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். "ஹாஜியார், பில் வாறத்துக்குள்ள புள்ளைக்கு இது சின்னதாப் போயிரும்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சட்டையை வைத்துவிட்டுப் போனாள். பின்னால் இன்னும் பலர் போனார்கள்.

அன்று நோன்பு திறக்கும்போது மனைவி சொன்னாள்: "மருமகனுக்கு உங்கட கதிரையில கொஞ்ச நேரம் இரிக்கணுமாம்."

"என்னத்துக்காம்?"

"எனக்கென்ன தெரியும்? மகள் சொன்னா, நான் சொல்றன்."

"நான் மௌத்தாகி என்னை அடக்கின பொறகு இரிக்கச் சொல்லு."

எந்த வியாபாரியும் அதைத்தான் சொல்லியிருப்பான். பெட்டி, கம்பி, கட்டளை எல்லாம் வழியில் உதிர்ந்து, கதிரை மட்டும் என் காதுக்கு வந்து சேர்ந்தது. என் ஏச்சோ ஒரு சொல் குறையாமல் அதே வழியில் அவரிடம் போயிருக்கிறது.

மறுநாள் பகல் சனம் சத்தம் போடத் தொடங்கியபோதுதான் அவர் மாடியால் இறங்கி வந்து எழும்பச் சொன்னார். எழும்பினேன். இருந்தார், ஏதோ தட்டினார். ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, பில்கள் சரசரவென்று வரத் தொடங்கின. சட்டைப் பையில் இருந்த கைலேஞ்சியால் கதிரையைத் துடைத்துவிட்டு மேலே போய்விட்டார். "இவ்வளவுதானா? இதை முந்தியே சொல்ல ஏலாதா?" என்று நான் அவர் முதுகைப் பார்த்துக் கேட்டேன். 

பெருநாள் முடிந்ததும் கத்தாருக்குப் போனார். கொம்பனி கூப்பிட்டதாம். அதையும் மனைவிதான் சொன்னாள்.

இப்போது கடையில் நெட்வேர்க் நின்றால் ஊரில் கம்பியூட்டர் திருத்துபவர்கள் வந்து பெட்டியை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுகிறார்கள், காசு வாங்குகிறார்கள், போகிறார்கள். போன கிழமையும் நின்றது. மகள் கடைக்கு வந்து போனில் அவருக்குக் கோல் எடுத்தாள்.

"வாப்பா, பெட்டியில எந்த லைட் எரியுது எண்டு கேக்கிறாரு."

"செம்மஞ்சள் எண்டு சொல்லு."

"செம்மஞ்சளாம்."

எனக்குப் பொறுமை விட்டுப் போயிற்று. போனைப் பறித்துக் காதில் வைத்தேன். லைட்டைப் பற்றியா கேட்கப் போகிறேன்? ஊருக்கு வாங்க, கடையைப் பாருங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தப் பக்கம் ஸலாம் சொன்னார். பதில் ஸலாம் சொன்னேன். அதற்குப் பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். மூத்தவர் கதைக்கட்டும் என்று அவர் நிற்கிறார். ஒரு தரமாவது அவர் வாயைத் திறக்கட்டும் என்று நான் நிற்கிறேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.