வைக்கோல் வண்டியின் மறைவில்

2008 ஜூன் மாதம் என் தோழி ஆரோக்கியத்தின் அப்பா தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அவர் உயிர் பிழைத்ததே பெரிது என்று நன்றிப் பூசை வைத்தோம். ஆனால் அன்றிலிருந்து ஆரோக்கியம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இளம்பிள்ளைவாதத்தால் அவளுக்கு இரண்டு கால்களும் விளங்காது. அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துதான் கோயிலுக்கும் கடைக்கும் போய்வந்தாள். இப்போது அப்பாவும் படுக்கையில் இருந்தார்.

அந்த நேரம் பார்த்து உத்தமபாளையத்தில் தையல் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. ஆகஸ்ட் மாதம் மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிக்கு அவள் கொடுத்த மனு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"நடக்க முடியலைங்கிறது பழகிப்போச்சுடி. யாரு வருவாகன்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்குறதுதான் முடியல" என்றாள். அன்று வீட்டுக்கு வந்து நான் நெடுநேரம் அழுதேன்.

அவளோடு பள்ளியில் படித்தவர்கள் நாங்கள் நான்கு பேர்: ஜெசிந்தா, அமலி, முத்துலட்சுமி, நான். வைகை அணை வரை சைக்கிளில் போய்வருவது, வழியெல்லாம் அவள் வண்டிக்காக உதவி கேட்பது என்று முடிவு செய்தோம். அதற்கு முன் சைக்கிள்களைச் சரிபார்க்க உத்தமபாளையம் சிக்கந்தர் பாய் கடைக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் பாய் சிரித்துவிட்டார்.

"அனுமந்தன்பட்டி போறதுக்குள்ள ரெண்டு தடவை இறங்கி நிக்கிற ஆளுக. வைகை டேமுக்குப் போறீகளா?" என்றார். பிறகு கடைக்குள் தொங்கிய ஒரு பழைய மூன்று சக்கர வண்டியைக் காட்டினார். "யாருகிட்டயும் கையேந்த வேணாம். நாலு பேரும் மிதிச்சே போயி மிதிச்சே வாங்க. ஒருத்தர் பஸ்ல ஏறுனாலும் கணக்கு இல்ல. சனிக்கிழமை பொழுது சாஞ்சு மஃரிப் தொழுகைக்கு நான் கடையைச் சாத்துறதுக்குள்ள வந்துட்டா, இதைப் புதுசாக்கித் தர்றது என் பொறுப்பு."

கேலிக்காகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று தெரியாது. நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டோம்.

நான் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து, ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு காற்றாலை நிறுவனத்தில் வேலை பார்த்தேன். காற்றின் வேகத்தைக் குறித்து வைப்பது என் அன்றாட வேலை. ஆகஸ்டில் கம்பம் பக்கத்திலிருந்து வரும் காற்று காலை ஏற ஏற வலுக்கும், மாலை வரை விடாது என்பது எனக்கு மனப்பாடம். போகும்போது அது முதுகில் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் அடிக்கும். எனவே சனிக்கிழமை இருட்டோடு கிளம்பி, காற்று எழும்புமுன் சின்னமனூரைத் தாண்டிவிட வேண்டும் என்று திட்டம் போட்டேன். என் செபமும் அப்படித்தான் இருக்கும். மழை வரக்கூடாது, டியூப் பஞ்சராகக் கூடாது, லாரிக்காரர்கள் ஒதுங்கிப் போக வேண்டும் என்று ஆண்டவருக்கு வரிசையாக வேலை கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை திருநாள் பூசை முடிந்து எங்கள் ஊர் ராயப்பன்பட்டியிலிருந்து கிளம்பினோம். காற்று தள்ளிக்கொண்டு போனது. தேனி தாண்டும்வரை பாட்டும் சிரிப்பும்தான். அணைக்கட்டுக் குடியிருப்பில் இருந்த ஜெசிந்தாவின் சித்தி, மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தார்.

மறுநாள் தேனிக்குள் நுழையும்போது ஜெசிந்தாவின் சைக்கிளில் ஃப்ரீவீல் போய்விட்டது. மிதித்தால் பெடல் மட்டும் சுற்றியது, சக்கரம் அசையவில்லை. என் பையில் ஸ்பேனர் முதல் பஞ்சர் பசை வரை இருந்தது, ஃப்ரீவீல் இல்லை. கடை திறக்கக் காத்திருந்து, வேறு மாற்றி, கிளம்புவதற்குள் காலைப் பொழுது முழுவதும் போய்விட்டது.

வீரபாண்டியைத் தாண்டியதும் காற்று பிடித்தது. எழுந்து நின்று மிதித்தாலும் சைக்கிள் நகரவில்லை. கண்ணெல்லாம் மண். முத்துலட்சுமி மட்டும் வாயை மூடவில்லை. "உங்க ஆபீசுக்குப் போன் போட்டு அந்தக் காத்தாடிய எல்லாம் ஆஃப் பண்ணச் சொல்லுடி" என்றாள். கொஞ்ச தூரத்தில் அவளும் அடங்கிவிட்டாள்.

கோட்டூருக்கு முன்னால் ஜெசிந்தாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சைக்கிளைப் போட்டுவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். எங்களைப் பார்த்து ஒரு பஸ் நின்றது. சைக்கிள்களை மேலே போட்டுவிடலாம், ஏறுங்கள் என்று கண்டக்டர் இரக்கத்தோடு கூப்பிட்டார். சின்னமனூரில் இறங்கிக்கொண்டால் பாய்க்குத் தெரியவா போகிறது என்று அமலி என் காதோரம் கேட்டாள். ஜெசிந்தாதான் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "அந்த வண்டியில அவ உக்கார்றதப் பாக்குறப்பல்லாம் இந்த பஸ்ஸுதான் ஞாபகம் வரும்" என்றாள். பஸ் போய்விட்டது.

நான் மரத்தடியில் கண்ணை மூடினேன். என்ன கேட்பது? காற்று நிற்க வேண்டும் என்றா? அந்த மாதத்தில், அந்த நேரத்தில் அது நிற்காது என்று எனக்கே தெரியும். கேட்பதற்கு ஒரு வரிகூட எனக்கு வரவில்லை. "ஆண்டவரே, ஆரோக்கியம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்" என்று மட்டும் சொன்னேன். வேறு எதையும் சேர்க்கவில்லை.

ஜெசிந்தாவின் காலை நீவிவிட்டு மறுபடி ஏறினோம். அப்போது பின்னாலிருந்து ஒரு டிராக்டர் வந்தது. டிரெய்லரில் வைக்கோல், வீட்டு உயரத்துக்கு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. எங்களை மெதுவாகத் தாண்டிப்போனது. அது முன்னால் போனவுடன் காது அடைத்ததுபோல் ஓர் அமைதி. முகத்தில் காற்றே இல்லை. பெடல் பூப்போல இறங்கியது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு காற்றாலைக்கு நேர் பின்னால் இன்னொன்றை நெருக்கி வைக்க மாட்டோம். முன்னால் நிற்பது காற்றைப் பிடுங்கிக்கொள்ளும். "விடாதீங்கடி, அது பின்னாடியே வாங்க" என்று கத்தினேன். ஜெசிந்தாவை நடுவில் விட்டு, நான்கு பேரும் அந்த மறைவிலேயே மிதித்தோம். தலையெல்லாம் வைக்கோல் தூசி. சீலையம்பட்டி போனது, சின்னமனூர் வந்தது.

அங்கே டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார். ஓடிப்போய் நன்றி சொன்னோம். அவரோ சலித்துக்கொண்டார்.

"நீங்க வேற தாயி. இந்தக் காத்து மட்டும் இல்லேன்னா நான் இந்நேரம் கம்பம் போயிருப்பேன். லோடு சாஞ்சிரும்னு பயந்துல்ல உருட்டிக்கிட்டு வாரேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காற்று நின்றிருந்தால் அந்த டிராக்டர் எங்களை எப்போதோ தாண்டிப் போயிருக்கும். எங்களைத் தடுத்த அதே காற்றைக் கொண்டே ஆண்டவர் அதை எங்கள் வேகத்துக்கு இழுத்துப் பிடித்து வைத்திருந்தார். எந்தச் செபத்திலும் இப்படி ஒன்றைக் கேட்க எனக்குத் தோன்றியிருக்காது.

அவர் டீ முடிக்கும்வரை காத்திருந்து, உத்தமபாளையம் வரை அவர் பின்னாலேயே வந்தோம். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது, கடை திறந்திருந்தது. பாய் எங்கள் தலையைப் பார்த்து, கதிர் அடித்துவிட்டா வருகிறீர்கள் என்றார். ஜெசிந்தாவுக்கு மனசு கேட்கவில்லை. டிராக்டர் மறைவில் வந்ததைச் சொல்லி, இது கணக்கில் சேருமா என்று கேட்டாள்.

பாய் எழுந்து வண்டிப் பக்கம் போனார். "மிதிச்சது நீங்கதானே? மறைவு குடுத்தது மேல உள்ளவன் சமாச்சாரம். அதுல நான் தலையிட மாட்டேன்" என்றார். பழைய வண்டியைக் கீழே இறக்கினார்.

திங்கட்கிழமை காலை ஆரோக்கியம், பாய் புதுசாக்கிக் கொடுத்த வண்டியைத் தானே கையால் சுற்றிக்கொண்டு பயிற்சிக்குப் போனாள். நாங்கள் நான்கு பேரும் சைக்கிளில் கூடப் போனோம். "நீங்க ஏன்டி வாரீக, எனக்கு வழி தெரியும்" என்று விரட்டினாள். இன்று அவள் சொந்தமாகத் தைக்கிறாள். இந்த வருடத் திருநாளுக்கு நான் உடுத்திய ரவிக்கை அவள் தைத்தது.

நான் இன்னும் பட்டியல் போடுகிறவள்தான். ஆனால் செபத்தில் இப்போது தேவையை மட்டும் சொல்கிறேன், அவர் எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதில்லை. இதை வாசிக்கும் உங்களுக்கும் எதிர்க்காற்று இருக்கலாம். யாருக்காக மிதிக்கிறீர்களோ அவர்களின் பெயரை மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு, மறுபடி சைக்கிளில் ஏறுங்கள். பின்னாலிருந்து ஏதாவது வரும்.