ஓடுவதற்கு முன்பே ஒரு கிண்ணம்

போன ஞாயிற்றுக்கிழமை, இன்னும் நடக்காத ஒரு பந்தயத்தில் என் நண்பன் நிஸாம் முதலாமிடம் பெற்றான்.

அச்சுப்பிழை இல்லை. கிண்ணம் கொடுத்தார்கள், கைதட்டினார்கள், படம் பிடித்தார்கள். பந்தயம் மட்டும் பிறகு நடந்தது.

நடந்த இடம், கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு மைதானம். நிகழ்ச்சி, தேசிய ரிமோட் கார் ஓட்டப் போட்டி. ரிமோட் கார் என்றதும், பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கி, மூன்றாம் நாள் கட்டிலுக்கு அடியில் போய்ச் சிக்குமே — அதைத்தான் நினைப்பீர்கள். என் அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறார். எங்கள் கார் அப்படியல்ல. முழங்கை நீளம் இருக்கும். மோட்டார், கியர், ஸ்ப்ரிங், டயர் எல்லாம் கழற்றிப் பூட்டலாம். ஓட்டுகிறவர்கள் உயரமான மர வாங்குகளில் ஏறி வரிசையாக நின்றுகொண்டு, கீழே வளைந்து போகும் மண் பாதையில் ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் எங்களுக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிடும். நின்ற இடத்தில் நின்றபடியே!

தேசியப் போட்டி என்றால் நாடு முழுவதிலிருந்தும் வருவார்கள். அதாவது… பாதை திறந்திருக்கிற நாடு முழுவதிலிருந்தும். கொழும்பு, காலி, குருநாகல், கண்டி. யுத்தம் நடக்கிற இந்த நாட்களில் அதற்குமேல் எதிர்பார்க்கலாமா?

காலையில் வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். என் பையில் பெட்டரி, வயர், அன்ரெனா வைத்த ரிமோட். பொலிஸ்காரர் தமிழ்ப் பெயர் எழுதிய என் அடையாள அட்டையையும் ரிமோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது என்பதுபோல. எங்கள் ரிமோட் கார் சங்கத் தலைவர் ஓடிவந்து அனுமதிக் கடிதத்தை நீட்டிய பிறகுதான் நான் விளையாட்டு வீரன் ஆனேன்.

அரையிறுதியில் என் கார் மூன்று தடவை குட்டிக்கரணம் போட்டது. அத்துடன் என் தேசியக் கனவு முடிந்தது. தோற்றவர்களுக்கு எங்கள் போட்டியில் ஒரு வேலை உண்டு. வளைவுகளில் போய் நின்று, அடுத்த பந்தயத்தில் கவிழ்கிற கார்களை நிமிர்த்திவிட வேண்டும். தோற்ற கையோடு அடுத்தவனைத் தூக்கிவிடும் இப்படியொரு வழக்கம் வேறு எந்த விளையாட்டில் இருக்கிறது? தேர்தலில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நிஸாம் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டான். அவனுக்கு அது வெறும் விளையாட்டு இல்லை.

திகனவில் அவர்களுடையது இரும்புச் சாமான் கடை. கடையின் முன்பக்கம் ஒரு நீளமான கண்ணாடி அலுமாரி. உள்ளே பூட்டு, பைப், தாழ்ப்பாள். அதில் பாதியைத் தன்னிடம் கொடுத்தால் ரிமோட் கார்களும் உதிரிப்பாகங்களும் வைத்து விற்பேன் என்று இரண்டு வருடமாக வாப்பாவிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். போன மாதம் வாப்பா, ஊருக்கு அவர் ஹாஜியார், ஒரு முடிவு சொன்னார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

“இந்த நாட்டிலயே மொதலாவதா வா, பாப்போம். வந்தா பாதி அலுமாரி ஒனக்கு. வராட்டி, அந்தச் சாமானெல்லாம் மூட்டை கட்டி மேல போடு. அதுக்குப் பொறகு கார் பேச்சே வாணாம்.”

“மொதலாவதாவா வாப்பா? மூணுக்குள்ள வந்தா…”

“மூணாவதா வாறவன்ட பூட்ட யாரு வாங்குவா?”

வியாபாரி. பேரம் பேசுவதென்றால் அவரிடம்தான் படிக்க வேண்டும்.

அன்றைக்கு ஹாஜியார் நேரிலும் வருவதாகச் சொல்லியிருந்தார். அதனால் நிஸாம் அயன் பண்ணின வெள்ளைச் சேர்ட் போட்டு வந்திருந்தான். மற்ற எல்லோரும் எண்ணெயும் மண்ணும் படிந்த டீ-சேர்ட். இந்தச் சேர்ட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் அது பெரிய வேலை செய்யப்போகிறது.

இறுதிப் போட்டிக்குச் சற்று முன்னர் பிரதம அதிதி வந்தார். பெயர் வேண்டாம், ஒரு மந்திரி. பெரியவர். முன்னால் இரண்டு ஜீப், பின்னால் இரண்டு ஜீப், நடுவில் அவர். கடைசி ஜீப்பின் கூரையில் மட்டும் அன்ரெனாக்கள் காடுபோல முளைத்திருந்தன. வெற்றிலை கொடுத்தோம். விளக்கேற்றினார். “நமது இளைஞர்களின் தொழில்நுட்ப ஆற்றல்” என்று தொடங்கி நிறையப் பேசினார். நல்ல பேச்சு. கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

இறுதிப் போட்டிக்கு ஆறு கார்கள் கோட்டில் நின்றன. வீரர்கள் வாங்கில் ஏறினார்கள். முன் வரிசைக் கதிரை ஒன்றில், லுஹர் தொழுகை முடித்து அப்போதுதான் வந்த ஹாஜியார்.

“வாப்பா வந்தீக்காரு மச்சான்” என்றான் நிஸாம்.

“அவரப் பாக்காத. கோட்டப் பாரு” என்று சொல்லிவிட்டு நான் என் வளைவுக்குப் போனேன்.

பிரதம அதிதி கொடி அசைத்தார்.

ஐந்து கார்கள் நகரவில்லை. நின்ற இடத்திலேயே முன் சக்கரங்களை இடமும் வலமுமாக ஆட்டின. மாட்டோம், மாட்டோம் என்று தலையாட்டுவதுபோல. ஆறாவது கார் மட்டும் சீறிப் பாய்ந்தது. பாதையில் இல்லை. நேரே சிவப்புக் கம்பளத்தை நோக்கி, பிரதம அதிதியின் சப்பாத்தை நோக்கி.

அது நிஸாமின் கார்.

ஒரு மெய்ப்பாதுகாவலர் பாய்ந்து அதைப் பூட்ஸ் காலால் கவிழ்த்துப்போட்டார். இன்னொருவர் பிரதம அதிதியின் முன்னால் வந்து நின்றார். கவிழ்ந்த கார் வானத்தைப் பார்த்துச் சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. வாங்கில் நின்ற நிஸாம் ரிமோட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான். நான் எதையும் தொடவில்லை, பாருங்கள் என்பதுபோல.

நல்லவேளை, பிரதம அதிதி சிரித்துவிட்டார். பெரியவர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். பாதுகாவலர் மட்டும் சிரிக்கவில்லை.

என்ன நடந்தது? நான் தற்செயலாக என் செல்போனைப் பார்த்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. காலையில் முழுதாக இருந்தது. திரும்பி அந்த அன்ரெனாக் காட்டைப் பார்த்தேன். விளங்கிவிட்டது. ஜாமர்! ரிமோட்டால் எதையும் வெடிக்க வைக்க முடியாதபடி, சுற்றியுள்ள ரேடியோ அலைகளையெல்லாம் குழப்பிவிடும் கருவி. பெரியவர்கள் போகுமிடமெல்லாம் அதுவும் கூடவே போகும்.

சங்கத் தலைவரின் காதில் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். உடனே பிடித்துக்கொண்டார். பாதுகாப்பு அதிகாரியிடம் போய், மிகப் பணிவான சிங்களத்தில், “சேர், அந்தக் கருவியை ஒரு ஐந்து நிமிடம் நிறுத்த முடியுமா?” என்று கேட்டார்.

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். “ரிமோட்டால் இயங்குகிற எதுவும் அவருக்குப் பக்கத்தில் இயங்கக்கூடாது. அதற்காகத்தான் அதைக் கொண்டுவருகிறோம்.”

“ஆனால் இது ரிமோட் கார் போட்டி, சேர்.”

“அப்படியானால் அவரை ஏன் கூப்பிட்டீர்கள்?”

நியாயமான கேள்வி. பிரதம அதிதி இருக்கும்வரை பந்தயம் ஓடாது. பந்தயம் ஓடி முடியாமல் பரிசு கொடுக்க முடியாது. பரிசு கொடுக்காமல் பிரதம அதிதி போகமாட்டார். பிலிமத்தலாவையில் ஒரு கட்டடம் வேறு அவர் வந்து திறப்பதற்காகக் காத்திருக்கிறது.

நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

தலைவர், பாலம் கட்டிப் பழகியவர். குறுக்கே ஒன்றைப் போட்டார். முதலில் பரிசளிப்பு, பிறகு பந்தயம். யாராவது ஒருவர் கிண்ணத்தை வாங்கட்டும். படம் எடுக்கட்டும். அதிதி போனபிறகு ஓடி, வென்றவரிடம் கொடுத்துவிடலாம்.

யாராவது ஒருவர் என்றால் யார்? தலைவர் ஆறு பேரையும் ஒரு தடவை பார்த்தார். ஐந்து அழுக்கு டீ-சேர்ட். ஒரு வெள்ளைச் சேர்ட்.

“நான் இன்னம் ஓடல்லயே சேர்” என்றான் நிஸாம்.

“ஓடலாம், ஓடலாம். முதலில் இதை வாங்கிக்கொள்.”

மைக்கில் ஆங்கிலத்தில், “இவ்வாண்டின் தேசிய சம்பியன்…” என்று அவன் பெயரை அறிவித்தார்கள். பிரதம அதிதி கை கொடுத்தார். கிண்ணத்தைக் கொடுத்தார். ஒரு படம். வெளிச்சம் போதாதென்று இன்னொரு படம். சங்க உறுப்பினர்களோடு ஒன்று, அனுசரணையாளர்களோடு ஒன்று. பின்னர் தேநீர், கேக். நிஸாமை விடவே இல்லை. பக்கத்தில் உட்காரவைத்து, இந்தக் கார் என்ன வேகம் போகும், எங்கே வாங்கினாய் என்று பெரியவர் ஆர்வமாக விசாரித்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு எங்கள் விளையாட்டைப் பற்றிச் சிரிக்காமல் கேள்வி கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

முன் வரிசையில் ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். அவருக்கு ஆங்கில அறிவிப்பில் “சம்பியன்” மட்டும் விளங்கியது. அது போதாதா? கண் கலங்கியதுபோல இருந்தது. வெயிலாகவும் இருக்கலாம். பெரியவரின் ஜீப்புகள் புறப்பட்டபோது அவரும் கடையைத் திறக்கப் புறப்பட்டுவிட்டார்.

இந்த நேரமெல்லாம் நிஸாமின் கார் எங்கே?

கம்பளத்தின் ஓரத்தில், கவிழ்ந்தபடி. பாதுகாவலர் அதன் பக்கத்தில் காவல் நின்றார். சுவிட்சை அணைக்கப் போன என்னைக் கண்ணாலேயே திருப்பி அனுப்பிவிட்டார். ஜாமரின் குழப்பத்தில் அது விட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றியபடி கிடந்தது. பெட்டரி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது. அரையிறுதியில் தீர்ந்த மற்ற பெட்டரியைச் சார்ஜில் போடவேண்டியவன், மேசையில் கிண்ணத்தோடு கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஜீப்புகள் வளைவு தாண்டியதும் என் செல்போனில் கோடுகள் ஒவ்வொன்றாக முளைத்தன. கார்கள் தலையாட்டுவதை நிறுத்தின. தலைவர் தானே கொடி அசைத்தார்.

நிஸாம் எப்படி ஓட்டினான் தெரியுமா? நான் நின்ற வளைவை அவன் கார் கத்திபோல வெட்டிக்கொண்டு போனது. ஒரு தடவையும் கவிழவில்லை. நான்கு நிமிடம் அவன்தான் முன்னால். கடைசி நிமிடத்தில் மோட்டார் சத்தம் இறங்கியது. கொழும்புப் பையன் ஒருவன் முந்தினான். பிறகு காலிக்காரன். நிஸாமின் கார் கோட்டைத் தாண்டியபோது நடந்து வருவதுபோல வந்தது.

மூன்றாவது.

கொழும்புப் பையனுக்குக் கிண்ணத்தைக் கொடுக்கும்போது தேநீர்ப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கமராக்காரர்கள் எல்லோரும் பெரியவரோடு பிலிமத்தலாவைக்குப் போய்விட்டார்கள். பாவம், அவனுக்குக் கிண்ணம் உண்டு, படமில்லை. நிஸாமுக்குப் படமுண்டு, கிண்ணமில்லை.

நம்மூரில் இது புதிதா என்ன? கூரை போடாத கட்டடத்துக்கு நாடா வெட்டுகிறோம். தண்ணீர் வராத குழாய்க்குத் திறப்புவிழா வைக்கிறோம். இன்னும் முடியாத வேறு சில விஷயங்களுக்கும் முன்கூட்டியே வெடி கொளுத்துகிறோம்… அதை இங்கே விரித்து எழுதினால் பத்திரிகை ஆசிரியர் எனக்கு ஃபோன் பண்ணுவார். விட்டுவிடுகிறேன்.

திகன பஸ்ஸில் நிஸாம் காரை மடியில் வைத்து மண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“நாளைக்கு பேப்பர்ல என்ட படம்தானே வரும்?”

“வரும்.”

“அப்ப வாப்பாக்கு செல்லாம விட்டா?”

“விடலாம். நீயா சொன்னாத்தான்டா தெரியும்.”

முடிவை அவனிடமே விட்டேன். அலுமாரி அவனுடையது. வாப்பாவும் அவனுடையவர்.

கடைக்குள் நுழைந்தோம். அலுமாரியின் இடதுபாதி காலி. பூட்டும் தாழ்ப்பாளும் தரையில் குவியலாகக் கிடந்தன. ஹாஜியார் குந்தியிருந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பைப் வாங்க வந்த ஒருவருக்கு விளக்கம் வேறு நடந்துகொண்டிருந்தது.

“மத்தக் காரெல்லாம் நின்ன எடத்துலயே நடுங்கிட்டு இருந்த. இவன்ட கார் மட்டும்தான் முன்னுக்குப் போன. மந்திரிமாருட காலடிக்கே போயிட்டு.”

அதைத்தான் அவர் பந்தயம் என்று நினைத்திருக்கிறார்!

நிஸாம் என்னைப் பார்த்தான். பிறகு துடைத்த கண்ணாடியைப் பார்த்தான்.

“வாப்பா, நான் மூணாவது.”

துணி நின்றது. நிஸாம் முழுவதையும் சொன்னான். கம்பளம், ஜீப், வெள்ளைச் சேர்ட், பெட்டரி எல்லாம். பைப் வாங்க வந்தவர் பைப்பை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஹாஜியார் என் பக்கம் திரும்பினார்.

“உள்ளதுதானா மகன்?”

“ஆமாங்க ஹாஜியார். அவர் போன பிறகுதான் ஓடினாங்க.”

பிறகு தரையில் கிடந்த பூட்டுக் குவியலைப் பார்த்தார். ஒன்றைக் கையில் எடுத்தார். பிறகு அதை வலதுபக்கத் தட்டில், மற்றப் பூட்டுகளை நெருக்கித் தள்ளிவிட்டு வைத்தார். அடுத்ததையும் அங்கேயே வைத்தார்.

“அவங்க ஒனக்கு கிண்ணத்த அட்வான்ஸா தந்தீக்காங்க. நானும் அலுமாரிய அட்வான்ஸா தாரேன்” என்றார். “அட்வான்ஸ் எடுத்தா சாமான் குடுக்கணும். அடுத்த வருஷம் குடு.”

நிஸாம் குந்தியிருந்து பூட்டுகளை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினான். தலை குனிந்தபடியே. நானும் பைப் வாங்க வந்தவரும் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

புறப்படும்போது எனக்கொரு யோசனை. அடுத்த வருடப் போட்டிக்கு நீங்களே பிரதம அதிதியாக வாங்களேன் என்று ஹாஜியாரிடம் கேட்டேன்.

பூட்டை அடுக்கியபடியே சொன்னார்: “ஓடி முடிஞ்சதும் செல்லி அனுப்புங்க, வாரேன்.”