வெள்ளிக்கிழமை வந்தவன்

அண்ணன் காய்ச்சலில் செத்து, முப்பத்தொராம் நாளும் முடிந்த கிழமை, அவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு முதன்முதலாக ஒரு வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் ஐக்கிய சங்கத்தில் வேலை செய்தவர். விதைநெல்லும் வயலுக்குப் பசளையும் கடனாக வாங்கிவிட்டுத் தவணைக்குக் கட்டமுடியாமல் போனவர்களின் வீடுகளுக்குப் போவார். மிரட்டப் போவதில்லை. கொஞ்சக் காசைக் கட்டவைத்து, மிச்சத்துக்கு அடுத்த அறுவடை வரைக்கும் தவணை கேட்டுக் கடுதாசி எழுதி, கைநாட்டு வாங்கிப்போய்ச் சங்கத்தில் கொடுப்பார். அது போனால்தான் அடுத்த விதைப்புக்கு நெல் கிடைக்கும்.

ஒழுங்கை திரும்பும் முடக்கிலேயே சைக்கிள் மணியை இரண்டு தரம் அடிப்பார். ஏனென்று ஒருநாள் கேட்டேன்.

"ஒளிக்கிறவை ஒளிக்கட்டும். திடுக்கெண்டு போய் வீட்டு முத்தத்தில நிண்டா ஆருக்கும் வெக்கம்தானே" என்றார்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். கடுதாசி எழுத வராது. ஆனால் அவர் எழுதிவைத்த கடுதாசி ஒன்று அவருடைய சட்டைப் பையில் கிடந்தது. ஒட்டுசுட்டான் பக்கத்து அக்கா ஒருவருடையது. யானை இறங்கி வயலை மிதித்துவிட்டது, புருஷன் மரத்தால் விழுந்து படுக்கையில். இனிப் பத்து ரூபாயும் கைநாட்டும்தான் தேவை. சனிக்கிழமை காலையில் சங்கக் கூட்டம். அதற்குள் கொடுக்காவிட்டால் அந்த வீட்டுக்கு விதைநெல் இல்லை. அண்ணனின் எழுத்து வீணாய்ப் போகக்கூடாதென்று சங்க மனேச்சரிடம் கேட்டு நானே புறப்பட்டேன்.

முடக்கில் மணியை இரண்டு தரம் அடித்தேன். அந்த அக்கா வாசல் படலைக்கு ஓடிவந்தார். சைக்கிளைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். உள்ளே கூட்டிப்போய்க் கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி தந்தார். கைநாட்டும் வைத்தார். காசென்றதும் மட்டும் அசையவில்லை.

"தம்பி, இண்டைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"வெள்ளிக்கிழமையில ஆர் வீட்டுக் காசை வெளியில விடுறது? நாங்கள் உப்புக்கூடக் குடுக்கமாட்டம்."

உள்ளே படுத்திருந்த புருஷன், சங்கத்து ஆள் வெள்ளிக்கிழமைதான் வருவாரென்றால் ஊரில் ஒருத்தரும் இனி ஒளிக்கத் தேவையில்லை என்று சொல்லிச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. நாளைக்குக் கூட்டம் என்று கெஞ்சிப் பார்த்தேன். காசு மடியில் இருக்கிறது, ஆனால் இன்றைக்கு எடுக்கமாட்டேன், விடியக்காலமை வா என்று அக்கா முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஆறு கட்டை தூரம் வெறுங்கையோடு மிதித்தேன். பாதி வழியில்தான் ஒன்று விளங்கியது. அண்ணன் வெள்ளிக்கிழமைகளில் பாயைவிட்டு எழும்பமாட்டார். வெள்ளி வந்தால் இவனுக்குக் கால் உளையும் என்று அம்மா பேசிக்கொண்டே இருப்பா. நானும் அவரைச் சோம்பல் என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்தநாள் நிலம் வெளிக்கும்போதே போய்ச் சேர்ந்தேன். மணி அடிக்கத் தேவைப்படவில்லை. அக்கா படலையைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். பத்து ரூபாயைக் கையில் வைத்தார். அம்மாவுக்கென்று ஒரு பொட்டலம் பயறும் தந்தார். நேற்று யோசிக்காமல் வந்துவிட்டேன் என்று சொல்லத் தொடங்கினேன்.

"உன்ர அண்ணரும் முதல்தரம் வெள்ளிக்கிழமைதான் வந்தவர், தம்பி. உந்தக் கதிரையிலதான் இருந்து முழிச்சவர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் போனபிறகு முதல் சிரிப்பு அதுதான். கூட்டம் தொடங்குமுன் கடுதாசியைக் கொடுத்தேன். மனேச்சர் அண்ணனின் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மற்றக் கடுதாசிகளுக்கு மேலே வைத்தார். மழைக்கு முன்னம் அக்கா வீட்டுக்கு இரண்டு மூட்டை விதைநெல் போனது.

அந்த வேலை எனக்கே கிடைத்தது. கடுதாசிகளை மனேச்சர் எழுதித் தருவார். அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணனின் பாயை விரித்து மத்தியானம் வரைக்கும் படுத்திருந்தேன். உனக்கும் கால் உளையுதோ என்று அம்மா குசினி அடுப்படியில் நின்று பேசினா. ஓம் என்றேன்.