ஆணியில் தொங்கிய ஒத்தைச் செருப்பு

நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. யாராவது பேயைப் பாத்தேன்னு சொன்னா, "அது எத்தனாம் நம்பர் செருப்பு போட்டிருந்தது?"ன்னு கேக்கிற ஆள் நான். ஆம்பூர் ஷூ கம்பெனியில எனக்கு ஜோடி சேக்கிற வேலை. பதினெட்டு வருஷமா இடதையும் வலதையும் பக்கத்துல வச்சு, தோல் ஒண்ணா, தையல் ஒண்ணான்னு பாத்துப் பாத்து, கோயில் வாசல்ல அடுத்தவங்க செருப்பைத் திருப்பிப் பாத்து ரெண்டு தடவை திருடன்னு மாட்டியிருக்கேன்.

போன வருஷம் நானும் தோஸ்த் ரபீக்கும் இலங்கை போனோம். சண்டை நடந்த எடங்களைப் பாக்கணும்னு அவனுக்கு ஆசை. முல்லைத்தீவுக் கடலோரமாவே போய் முள்ளிவாய்க்கால்ல இறங்கினப்போ காலையில பத்து மணி இருக்கும், விடாத தூறல். ஒரு தகரக் கொட்டாய் டீக்கடை. தூண்ல அடிச்ச ஆணியில சின்னப் பிள்ளையோட வலது கால் தோல்செருப்பு ஒண்ணு தொங்குது. நம்ம ஊர்ல கடையில ஒத்தைச் செருப்பு தொங்கினா திருஷ்டிக்குத்தானே? என் வாய் சும்மா இருக்குமா?

"இன்னாம்மா, வியாபாரம் ஜாஸ்தியா? திருஷ்டியெல்லாம் கட்டியிருக்கீங்க!"

கடைக்காரம்மா கோவிச்சுக்கல. "இல்ல தம்பி. என்ர மகளின்ர. அப்ப எட்டு வயசு. கடைசிச் சண்டையில, ஷெல்லடியில ஓடேக்க கழண்டது. தகப்பன் அவளைத் தூக்கிக்கொண்டு முன்னால ஓடினவர். ரெண்டு பேரையும் இன்னும் தேடுறன்."

ரபீக் என் தொடையில கிள்ளின கிள்ளு ஒரு வாரம் இருந்தது. "வாயைத் தச்சுக்கினு வாடா இனிமே!"

அந்தம்மாவே செருப்பை எடுத்துக் காட்டினாங்க. புருஷன் கையால, நீல வலைநூல்ல தச்சதாம். மூணாவது தையல் விட்டுப்போயிருந்தது. தோல் ஓரத்துல, மாடு உயிரோட இருந்தப்போ முள்ளுல கீறிக்கின தழும்பு ஒண்ணு பாதியில வெட்டுப்பட்டு நின்னுது. நம்ம கம்பெனியா இருந்தா ரிஜெக்ட்.

வெக்கத்துல கடற்கரைப் பக்கம் நடந்தேன். ஈர மணல்ல ஒரு இடது செருப்பு கிடந்தது. கைப்பழக்கம், எடுத்துத் திருப்பினேன். நீல நூல். மூணாவது தையல் இல்ல. ஓரத்துல மீதித் தழும்பு.

"காட்டாதடா, அந்தம்மா தாங்காது"ன்னான் பின்னாலயே வந்த ரபீக். நானும் காட்டக்கூடாதுன்னுதான் முதுகுக்குப் பின்னால மறைச்சேன். ஆனா கடைக்குள்ள வந்து மேஜைமேல அந்த வலதைப் பாத்ததும் இந்தப் பாழாப்போன கை தானா இடதைக் கொண்டுபோய்ப் பக்கத்துல வச்சிடுச்சு. தழும்பு ரெண்டுலயும் ஒரே கோடா ஓடிச்சு, ஒரே தோல்.

ஆனா வலது எட்டு வயசுப் பிள்ளைக்கு. இடது முப்பத்தெட்டாம் நம்பர். வளர்ந்த பொம்பளை போடற சைஸ்.

அந்தம்மா ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. "சோடியோ தம்பி?"

இல்லைன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எதுக்கெல்லாமோ பொய் சொல்ற எனக்கு இதுல மட்டும் வாய் வரல. "ஜோடிதாம்மா."

அழுவாங்கன்னு பாத்தேன். விரலை வச்சு அந்த மூணாவது தையலைத் தடவிட்டு, சிரிச்சாங்க. "வளந்திட்டாள். அந்த மனுசன் இப்பவும் அதே தையலைத்தான் விடுறார்."

ரெண்டையும் அதே ஆணியில மாட்டிட்டு எங்களுக்கு டீ ஊத்தினாங்க. ரபீக் கிளாஸைத் தொடவே இல்ல.

ஒண்ணை மட்டும் அவங்ககிட்ட நான் சொல்லல. ரபீக்குக்கும் தெரியாது. மணல் ஜில்லுனு இருந்தது, செருப்பு மழையில ஊறியிருந்தது. ஆனா நான் எடுத்தப்போ உள்ளங்கால் படற எடம் மட்டும், இப்பத்தான் யாரோ கழட்டிவிட்ட மாதிரி, வெதுவெதுன்னு இருந்தது.

சொல்லியிருக்கணுமோ?