கை மைக்கில் புதுமை இல்லையாம்

இன்று காலை அடையாறில் ஓர் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போயிருந்தேன். சின்னக் குழுக்களுக்கு நிதியுதவி தருகிறார்கள்.

ஆற்றங்கரைக் குடியிருப்பில் பெண்கள் குழு நடத்தும் செல்வி அக்காவுக்கு ஆங்கிலப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவள் நான். அதனால் நேர்காணலுக்கும் துணைக்குப் போனேன்.

குழு கேட்டது பேட்டரியில் ஓடும் இரண்டு கை மைக், நான்கு டார்ச், கொஞ்சம் கயிறு. ஆற்றில் தண்ணீர் ஏறினால் தெருவை எழுப்ப வேண்டும். போன மழையில் கத்திக் கத்தி அக்காவுக்கு ஒரு வாரம் குரலே இல்லை.

ஏசி அறையில் இரண்டு பேர். ஒருவர் படிவத்தைப் புரட்டிவிட்டு, "இதுல இன்னோவேஷன் எங்க இருக்கு? ஒரு ஆப் மாதிரி யோசிச்சீங்களா?" என்றார்.

அக்கா பொறுமையாகத்தான் சொன்னார். "தண்ணி வந்தா மொதல்ல கரண்ட்ட நிறுத்திடுவாங்க சார். அப்பால டவரும் கெடைக்காது. ஆப்புல இன்னாத்த பாக்கறது? கத்துனாத்தான் எய்ந்து வருவாங்க."

பக்கத்தில் இருந்த பெண், "ஸ்டோரி ரொம்ப நல்லா இருக்கு, வீடியோ எடுத்துக்கலாமா?" என்றார். குரல் போன கதையை இரண்டு முறை சொல்ல வைத்து எடுத்தார்கள்.

மதியம் மெயில் வந்தது. இந்த முறை தேர்வாகவில்லை. ஆனால் அந்த வீடியோவைத் தங்கள் பக்கத்தில் போட அனுமதி வேண்டுமாம்.

அக்காவுக்கு போனில் படித்துக் காட்டினேன். "வேணாம்னு எழுதிடு. மழைக்குள்ள வேற எங்கனா கேப்போம்" என்றார். அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.

யாரிடமாவது வேலை செய்கிற கை மைக் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். நேர்காணல் கிடையாது.