“இப்போ ஏன் பிரேக் போட்டீங்க?”

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு ‘பிரேக் அக்கா’ என்று பெயர். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இருபத்திரண்டு வருடங்களாக அவள் கால் அதன்மேல்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெயர் வந்தது அதனால் அல்ல. கற்றுக்கொள்பவர் யார் பிரேக் போட்டாலும் உடனே, “இப்போ ஏன் பிரேக் போட்டீங்க?” என்று கேட்பாள். பதில் வராமல் வண்டி நகராது. “பயமா இருந்துச்சுக்கா” என்றால்கூட ஏற்றுக்கொள்வாள். “சும்மா” என்றால் மட்டும் விடமாட்டாள்.

கம்ப்யூட்டர் பைத்தியம் அவளுக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் பிடித்தது. பள்ளி முதலாளி பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிப் போடக் கிளம்பியபோது, அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் எழுதிவைத்திருந்ததைப் படித்துப் படித்து, ஒரு வாரம் மல்லுக்கட்டி, அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினாள். கம்ப்யூட்டர் ஓடியது. அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்பதுதான் அவளை அசத்தியது. அன்றுமுதல் யார் அகப்பட்டாலும் இப்படித் திறந்து கிடக்கும் ‘கட்டற்ற மென்பொருள்’ பற்றித்தான் பேச்சு. “பானட்டைத் திறக்கவே கூடாதுன்னு சொல்லி வண்டி வித்தா வாங்குவீங்களா?” என்பாள். அவள் வருவதைக் கண்டாலே முதலாளி போனைக் காதில் வைத்துக்கொள்வார்.

யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தில் கிளட்ச் பற்றித் தமிழில் நாலு வரிகூட உருப்படியாக இல்லை என்று கண்டதும் எழுதவும் உட்கார்ந்துவிட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கணவர்தான் பிழை பார்ப்பார். “படிக்கப் படிக்க எனக்கே ஓட்டக் கத்துக்கணும் போல இருக்கு. உன்கிட்ட மட்டும் வரமாட்டேன்” என்பார்.

அப்போதுதான் ஊர்த் திடலில் ஒரு கம்பெனி, ஓட்டுநர் இல்லாத காரைக் காட்சிக்கு வைத்தது. “நம்ம பொழப்புல மண்ணுதான்” என்று முதலாளி தலையில் கைவைத்தார். பிரேக் அக்காவோ முதல் ஆளாக வரிசையில் நின்றாள்.

ஏறி உட்கார்ந்தாள். ஸ்டீயரிங் தானே திரும்பியது. கார் பூப்போலக் கிளம்பியது. அவள் முகமெல்லாம் சிரிப்பு. இரண்டாவது வளைவில் கார் சட்டென்று நின்றது. எதிரே யாரும் இல்லை. மறுபடி கிளம்பியது.

“இப்போ ஏன் பிரேக் போட்டுச்சு?” பக்கத்தில் இருந்த கம்பெனி இன்ஜினியரிடம் கேட்டாள்.

“அது ஆயிரம் விஷயத்தைப் பார்த்து முடிவு பண்ணும் மேடம்.”

“அதுல எந்த விஷயம்?”

அவர் சங்கடமாகச் சிரித்தார். “எங்களுக்கே உடனே சொல்ல வராது. தெரிஞ்சாலும் வெளியில சொல்லக்கூடாது, கம்பெனி ரகசியம்.”

வீடு திரும்பியவளின் முகம் வாடியிருந்தது. “வண்டி நல்லா ஓட்டலையா?” என்றார் கணவர்.

“என்னைவிட நல்லா ஓட்டுதுங்க. ஆனா கேட்டா ‘சும்மா’ன்னு சொல்லுது.”

இரண்டு நாள் அதே யோசனையாக இருந்தாள். ஒரு வண்டி கற்ற பாடத்தைப் பூட்டி வைத்தால் மற்ற வண்டிகள் எப்படிக் கற்கும்? யோசனை ஓடிய ஓட்டத்தில் அவளுக்கே சுருக்கென்றது. அவளுடைய இருபத்திரண்டு வருடப் பாடம் மட்டும் எங்கே திறந்து கிடக்கிறது?

எந்தெந்த நேரத்தில், ஏன் பிரேக் போட வேண்டும் என்று கலைக்களஞ்சியத்தில் விரிவாக எழுதினாள். மறுநாளே ஒருவர் அதை நீக்கிவிட்டார். ‘உங்கள் அனுபவம் சரியாக இருக்கலாம். ஆதாரம் வேண்டும்’ என்று குறிப்பும் போட்டிருந்தார். கோபம் தலைக்கேறியது. ஆறியபின், அந்த மனிதர் கேட்டதும் நியாயம்தான் என்று தோன்றியது. காரணம் கேட்கும் உரிமை தனக்கு மட்டுமா இருக்கிறது?

பிறகு, தானோட்டிக் கார்களுக்குக் கட்டற்ற மென்பொருள் எழுதும் ஒரு குழுவை இணையத்தில் தேடிப் பிடித்தாள். பிரேக் போடுவதற்கு நூற்று நாற்பது காரணங்களை எழுதி அனுப்பினாள். நின்ற காரின் முன்சக்கரம் சாலைப் பக்கம் திரும்பியிருந்தால் அது கிளம்பப்போகிறது. அதன் பக்கக் கண்ணாடியில் ஆள் முகம் தெரிந்தால் கதவு திறக்கலாம். குழுவில் இருந்த ஒரு பெண் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டுக் குடைந்தெடுத்தாள். தன்னைப் போலவே ஒருத்தி என்று பிரேக் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். எட்டு மாதம் இப்படியே போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவளுடைய காரணங்களைச் சேர்த்துக் குழு அனுப்பியிருந்த சோதனை ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டாள். திரையில் ஒரு சின்னக் கார், ஓரமாக நின்ற இன்னொரு காரை எட்டும் முன்பே வேகம் குறைந்து நின்றது. கீழே எழுத்து ஓடியது: ‘காரணம்: காருக்குள் ஆள். கதவு திறக்கலாம்.’

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

“அழறியா என்ன?”

“இல்லைங்க. ரொம்ப முன்னாடியே பிரேக் போடுது பாருங்க. பின்னாடி வர்றவன் வந்து இடிச்சிருவான்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதையும் குழுவுக்கு எழுத ஆரம்பித்தாள்.